உங்கட குரலில உங்கட மௌத்து

அன்புள்ள மச்சான்,

அஸ்ஸலாமு அலைக்கும். பதில் வராது எண்டு தெரிஞ்சுதான் சொல்றன். வெள்ளிக்கிழமையில உங்கட கூடப்பிறந்த மூத்தவர், காக்கா, மையவாடிக்குப் போய் உங்கட கபுறடியில சலாம் சொல்லிப்போட்டு வாறாராம். எனக்கு அந்தப் பக்கம் வர வழியில்ல. இப்ப வாசலுக்கே வர ஏலா, இத்தாவில இருக்கிறன். புருசன் மௌத்தானவள் நாலு மாசம் பத்து நாள் வீட்டை விட்டு இறங்காம இருக்கிற இருப்பு. உங்களுக்காக இருக்கிறதை உங்களுக்கே விளங்கப்படுத்துறன் பாருங்க, எனக்கென்ன பைத்தியமா? இந்த அறைக்குள்ள இருந்து சொல்ற சலாம் உங்களுக்கு வந்து சேருமா மச்சான்?

இதை நான் மூடி எழுதல்ல. ஆர் வாசிச்சாலும் வாசிக்கட்டும். கல்முனைக்குடியில எந்த வீட்டுச் செய்தியையும் நீங்க மெதுவாச் சொன்னதில்லையே. ஓட்டோவுக்கு மேல ரெண்டு ஸ்பீக்கரைக் கட்டிக்கொண்டு, கடற்கரை வீதியில தொடங்கி ஒழுங்கை ஒழுங்கையாப் போய், ஆர்ட வீட்டில ஜனாஸா, எந்தத் தொழுகைக்குப் பிறகு அடக்கம் எண்டு ஊருக்கே கேக்கச் சொன்ன மனிசன் நீங்க. உங்கட பெண்சாதிட கடிதமும் கொஞ்சம் சத்தமாத்தான் இருக்கும். பொறுத்துக்கொள்ளுங்க.

நேத்து அந்தப் பிரசன்டேஷன் நடந்திச்சு. கெம்பஸ்ல இறுதி வருசத்துக்காரர் ஒவ்வொருத்தரும் தனித்தனியா வகுப்புக்கு முன்னால பேசணும் எண்டு சொல்லிச் சொல்லிப் பயந்தனே, அதுதான். அது எப்படி நடந்திச்சு எண்டு உங்களைத் தவிர ஆருக்கிட்ட நான் சொல்ற? உம்மாக்கிட்ட சொன்னா அழுவா. மாமியைப் பற்றி உங்கள்ட்டதான் சொல்லணும், அவ உங்கட உம்மா.

தலைப்பு உங்களுக்குத் தெரியும். "ஜனாஸா அறிவித்தல்களில் பெண்களின் பெயர்." அது உங்கட ஓட்டோக்குள்ளதான் பிறந்திச்சு. கெம்பஸ் விட்டு என்னை ஏத்திக்கொண்டு வாற வழியில நீங்க ஒரு அறிவித்தல் சொல்லிக்கொண்டு வந்தீங்க. மர்ஹூம் இஸ்மாலெவ்வையின் மனைவியும், இன்னாரின் தாயும், இன்னாரின் மாமியும் எண்டு நீண்டுகொண்டே போச்சு. எனக்குப் பொறுக்கல்ல. "மௌத்தானது ஆரு?" எண்டு கேட்டன்.

"அதான் சொன்னேனே. இஸ்மாலெவ்வைட பொஞ்சாதி."

"அவக்குப் பேரில்லையா?"

"எழுதித் தந்த துண்டில இல்லகா. தாறதத்தானே நான் வாசிக்கிற."

"ஒரு மனிசி இவ்வளவு காலம் சீவிச்சுப் போட்டு, பேரில்லாமலா கபுறுக்குப் போற? வெக்கமில்லையா உங்களுக்கு?"

மைக்கை மூட மறந்துபோனீங்க. நம்மட சண்டை அந்த ஒழுங்கை முழுக்கப் போச்சு. ஒரு கேற்றுக்குள்ள இருந்து ஒரு பொம்புள தலையை நீட்டி, "அவட பேரு கதீசா உம்மா, தம்பி! கதீசா உம்மா!" எண்டு கத்தினா. நீங்க என்னைத் திரும்பி ஒரு பார்வை பார்த்தீங்க. மறுகா மைக்கை வாய்க்குக் கிட்டப் புடிச்சு, முதலில இருந்து வாசிச்சீங்க, கதீசா உம்மா அவர்கள் எண்டு. அண்டைக்குத்தான் நான் உங்களை உண்மையாக் கலியாணம் முடிச்சன் எண்டு நினைக்கிறன். அதை உங்கள்ட்ட ஒருநாளும் சொல்லல்ல.

பேசிப் பழக்கினதும் நீங்கதான். மாதிரி வகுப்புக்கு நீங்க ஒரு ஆள்தான் பார்வையாளர். வீட்டுக்கு முன்னால முத்தத்தில பிளாஸ்டிக் கதிரையைப் போட்டு, காலுக்கு மேல கால் போட்டு, பெரிய பேராசிரியர் மாதிரி தாடையைத் தடவிக்கொண்டு இருப்பீங்க. நான் பயத்தில கடகடவெண்டு ஓடினா, எழும்பிப் போய் ஓட்டோ ஹோனை ஒரு அடி அடிப்பீங்க. "பிள்ள, நிப்பாட்டு. மூச்சை விட்டுட்டுப் பேசு. ஊருக்குச் செய்தி சொல்றவள் ஓடக் கூடாது." எனக்குக் கோவம் வரும். பக்கத்து வீட்டாக்களுக்குச் சிரிப்பு வரும்.

கேள்வி நேரம் எண்டு ஒண்டு வெப்பீங்க. "இந்த ஆய்வால மக்களுக்கு என்ன நன்மை?" எண்டு மூக்கால கேப்பீங்க. நான் பதில் சொல்லிக்கொண்டு இருக்கும்போதே நித்திரையாப் போவீங்க. அந்தக் கதிரை இப்பவும் முத்தத்திலதான் கிடக்கு. ஆரும் அதில இருக்கல்ல, ஆரும் எடுத்து வைக்கவுமில்ல. மழை பெஞ்சா தண்ணி நிக்கிது.

மறுகா அந்த ஒலிப்பதிவு. அதைச் சொல்லாம இந்தக் கடிதம் நகராது.

கெம்பஸ் மெடம் சொல்லியிருந்தா, வெறும் ஸ்லைட் காட்டிக் கதைச்சா போதாது, ஒரு மாதிரி அறிவித்தலும் போட்டுக் காட்டணும், பெண்ணுட பேர் வந்தா அது எப்படிக் கேக்கும் எண்டு வகுப்புக்கு விளங்கணும் எண்டு. நான் ஒரு கற்பனைப் பேரை எழுதித் தந்தன். நீங்க வாசிக்க மாட்டன் எண்டுட்டீங்க.

"இந்த ஊர்ல எந்தப் பேரைச் சொன்னாலும் அதுக்கு ஒரு ஆள் உசிரோட இருக்கும்கா. ஆரும் ஒருத்தன் இதை வட்ஸ்அப்பில போட்டுட்டா, உசிரோட இருக்கிற மனிசன்ட வீட்டுக்குச் சனம் கதிரையோட போய் நிக்கும். பிறகு எனக்குத்தான் அடி."

"அப்ப என்ன செய்ற?"

"என்ட பேரைச் சொல்றன். என்னை ஆரும் வந்து கேக்க மாட்டாங்க."

மாமி அண்டைக்கு நம்மட வீட்டுக்கு வந்திருந்தா. குசினி வாசல்ல நிண்டு, "வாயால சொல்லாத மகன்! வானத்து மலக்குமார் ஆமீன் சொல்லிப் போடுவாங்க, பலிச்சுப் போகும்!" எண்டு பதறினா. நீங்க சிரிச்சீங்க. "ஊர்ல எல்லார்ட மௌத்தையும் நான் சொல்றன் உம்மா. என்டதை ஆரு ஒழுங்காச் சொல்ற? நானே சொல்லி வெச்சிற்றா வேலை முடிஞ்சிது." நான் போனில பதியிற பட்டனை அமத்தினன். இன்னாலில்லாஹி எண்டு தொடங்கி உங்கட பேர் வந்ததோட மாமி ரெண்டு காதையும் பொத்திக்கொண்டு உள்ளுக்குப் போயிற்றா. மிச்சத்தை அவ கேக்கல்ல.

நான் கேட்டன். "நுஸ்ரத் பானுவின் அன்புக் கணவரும்" எண்டு நீங்க சொன்னதைக் கேட்டன். எந்த அறிவித்தலிலயும் பெண்சாதியை முதலாவதாச் சொல்ற வழக்கமில்ல. நீங்க சொன்னீங்க. பிறகு மாமிட பேர், மாமாட பேர், பிறகு "அன்புத் தந்தையும்" எண்டு வாய் பழக்கத்தில தொடங்கி நிண்டுபோனீங்க. நமக்குத்தான் பிள்ளை இல்லையே. "அது பிறகு சேர்ப்பம், என்னகா?" எண்டு சிரிச்சீங்க. அந்தச் சிரிப்போட பதிவு முடியுது.

பிறகு சேர்ப்பம் எண்டீங்களே. எப்ப மச்சான்?

அதுக்குப் பிறகு கொஞ்ச நாள்தான். விடியச் சுபஹு தொழுதுட்டு வந்து நெஞ்சு நோகுது எண்டீங்க. வாயுவாக்கும் எண்டு நான் வெள்ளைப்பூடு உரிச்சுக்கொண்டு இருந்தன். பக்கத்து வீட்டுத் தம்பி உங்களை உங்கட ஓட்டோவிலயே ஏத்திக்கொண்டு ஓடினான். மேல ரெண்டு ஸ்பீக்கரும் ஆடிக்கொண்டு போச்சு. அது திரும்பி வரும்போது நீங்க அதில இல்ல.

உங்கட அறிவித்தலை ஹனீபா நானா சொன்னார், பெரிய பள்ளிவாசல்ல மைக் புடிக்கிறவர். உங்கட குரல் இல்லாம வேற குரல் வந்ததைக் கேட்டே சனம் முதல்ல திகைச்சுப் போச்சாம். "றமீசுக்கு என்ன, வருத்தமா?" எண்டு கேட்டுக்கொண்டு நிக்கும்போதே உங்கட பேர் வந்திச்சாம். காக்கா எழுதிக் குடுத்த துண்டு. மர்ஹூம் அப்துல் கரீமின் மகனும், மர்ஹூம் ஆதம்பாவாவின் மருமகனும், இன்னாரின் சகோதரரும் எண்டு, மௌத்தான நம்மட ரெண்டு வாப்பாமாரும் பேரோட வந்தாங்க. அவ்வளவுதான். நான் உங்கட தலைமாட்டில இருந்து ஜன்னலுக்குள்ளால கேட்டுக்கொண்டு இருந்தன். என்ட பேர் வரும் வரும் எண்டு காத்துக்கொண்டு இருந்தன் மச்சான். ஜனாஸாவுக்குப் பக்கத்தில இருந்துகொண்டு இதையா நினைக்கிற எண்டு என்னை நானே திட்டினன். ஆனா நினைச்சன். ஹனீபா நானாவில பிழையில்ல. தாறதத்தானே வாசிக்கிற.

அடக்கம் முடிஞ்ச கையோட மாமி இஞ்ச வந்திற்றா. இத்தா முடியும் மட்டும் மருமகளோட இருக்கப் போறன் எண்டு சொன்னா. ஊர் மெச்சிச்சு. மெச்ச ஒண்டுமில்ல. என்னை ஆறுதல்படுத்த அவ வரல்ல. நான் அந்தப் பதிவை அழிக்கிறனா எண்டு பார்க்கத்தான் இருந்தா.

"உன்ட படிப்புக்கு என்ட பிள்ளைட மௌத்தை அவன்ட வாயாலயே சொல்ல வெச்சாய். சொன்னான். போயிற்றான். இன்னும் என்னத்துக்கு அதைப் பொத்தி வெச்சிருக்கிறாய்? அழி."

"மாமி, அது அல்லாஹ் எழுதினது. மௌலவியும் அப்படித்தானே சொன்னார்."

"மௌலவி பெத்தாரா அவனை?"

எனக்கும் அந்த எண்ணம் வராம இல்ல. தொழுகைப் பாயில இருக்கும்போதும் வருது. நான் அந்தப் பாடத்தை எடுக்காம இருந்திருந்தா? அந்தக் கற்பனைப் பேரையே வாசியுங்க எண்டு அடம்புடிச்சிருந்தா? மௌலவி சொன்னதை அறிவால ஏத்துக்கொள்றன். நெஞ்சு ஏத்துக்கொள்ளுதில்ல. நெஞ்சு, மாமி சொல்றதைத்தான் திருப்பித் திருப்பிச் சொல்லுது.

மெடம் போன் எடுத்தா. நல்ல மனிசி. என்னோட சேர்ந்து அழுதா. ஆனா, "திகதியை மாத்த எனக்கு அதிகாரமில்ல நுஸ்ரத். சூம்ல செய்ய அனுமதி எடுத்துத் தாறன். வேணுமெண்டா தலைப்பை மாத்துங்க" எண்டா. செய்யாட்டி அடுத்த வருசம் இளையவங்களோட இருந்து முதலில இருந்து செய்யணும். அடுத்த வருசம் என்னை ஆரு கெம்பசுக்கு அனுப்புவாங்க? புருசன் இருந்தவளையே ஏன் படிக்க விடுறாய் எண்டு உங்கள்ட்டக் கேட்ட ஊர் இது. இது போனா படிப்பே போச்சு. எனக்கு அது நல்லாத் தெரிஞ்சிது.

காக்கா வாசல்ல நிண்டு, திரைச்சீலைக்கு அங்கால இருந்து கதைச்சார். "இத்தாவில இருக்கிற பொம்புள ஆம்பிளப் பொடியன்களுக்கு முன்னால பேசுறதா? ஊர் சிரிக்கும்." உம்மா வாய் திறந்தா, என்ட உம்மா, ஒருநாளும் சம்பந்திமாருக்கு முன்னால வாய் திறக்காதவ. "மௌலவிட்டக் கேட்டாச்சு தம்பி. முகம் காட்டாம, தேவைக்குக் கதைக்கலாம் எண்டுட்டார். ஊர் சிரிச்சா சிரிக்கட்டும். என்ட மகள் நாளைக்குச் சோத்துக்கு ஊரிட்டப் போக மாட்டாள்." காக்கா செருப்பைப் போட்டுக்கொண்டு போயிற்றார்.

தலைப்பை மாத்தப் பார்த்தன். கிராமியப் பாடல்கள், வானொலி விளம்பரங்கள் எண்டு என்னத்தையோ எழுதினன். ஒண்டும் வரல்ல. பிறகு அந்தப் பதிவை மட்டும் கழட்டிப் போட்டு மிச்சத்தைப் பேசுவம் எண்டு பார்த்தன். அதைக் கழட்டினா ஒண்டுமே இல்ல, மச்சான். நான் சேர்த்த அறிவித்தல் எல்லாத்திலயும் பொம்புளைகள் மனைவியும் தாயும் மாமியுமா வரிசையா நிக்கிறாங்க, பேரில்லாம. கதீசா உம்மாடதை அண்டைக்கு ஆரும் பதியல்ல, பேரோட ஒரு அறிவித்தல் எப்படி இருக்கும் எண்டு காட்ட என்னட்ட இருந்தது நீங்க சொன்னது மட்டும்தான். அதில நீங்க சாகிறீங்க. அதில நான் உங்கட பெண்சாதியா இருக்கிறன். ரெண்டும் ஒரே மூச்சில வருது. ரெண்டையும் எப்படி வெட்டிப் பிரிக்கிற?

பழகிப் பார்க்கவும் ஏலாம இருந்திச்சு. சுவரைப் பார்த்துப் பேசினன். முதல் ஸ்லைட் தாண்டும்போதே ஓடத் தொடங்கிருவன். ஹோன் அடிக்க ஆளில்ல. கூட்டாளி ஷிபானா போனில கேக்கிறன் எண்டாள். அவள் கேட்டுக்கொண்டே இருந்தாள் பாவம், நான் ஒரு வசனத்தை முடிக்கல்ல. "விடு கா, நீ செய்யாட்டி ஆரும் உன்னைப் பிழை சொல்ல மாட்டாங்க" எண்டாள். அதுதான் எனக்குப் பயம். ஆரும் பிழை சொல்ல மாட்டாங்க. எல்லாரும் தலையை ஆட்டி, பாவம் எண்டு சொல்லி, என்னை இந்த அறைக்குள்ளயே வெச்சுப் போட்டுப் போயிருவாங்க.

நேத்துப் பின்னேரம் அசருக்கு முந்தி என்ட முறை. உம்மா மாமியைப் பக்கத்து வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போறன் எண்டு சொன்னா. மாமி தலைவலிக்குது எண்டு அடுத்த அறையில படுத்திற்றா. நடுவில ஒரு திரைச்சீலைதான். நான் வெள்ளை உடுப்போட கட்டில்ல இருந்து, லெப்டொப்பைத் தலையணைக்கு மேல வெச்சன். கெமராவை மூடினன். திரையில எல்லாரும் சின்னச் சின்னச் சதுரமா இருந்தாங்க. மெடம் "நுஸ்ரத், தொடங்குங்க" எண்டா.

சலாம் சொன்னன். பிறகு ஓடினன். உங்களுக்குத் தெரியும் எப்படி ஓடுவன் எண்டு. கதீசா உம்மாட கதையை, நீங்க மைக் மூட மறந்த கதையை, சிரிப்பு வரவேண்டிய இடத்தில மூச்சு விடாம ஓடிக் கடந்தன். ஆரும் சிரிக்கல்ல. சொல்லுகள் ஒண்டோட ஒண்டு முட்டிச்சு. எனக்கே விளங்கல்ல நான் என்ன சொல்றன் எண்டு. மூடிப் போட்டு எழும்பிருவமா எண்டு கை லெப்டொப் மூடிக்குப் போயிற்று.

அப்ப வெளியால ரோட்டில ஒரு ஓட்டோ ஹோன் அடிச்சிது. உங்களுடையது இல்ல. உங்களுடையது கராஜில நிக்கிது. ஆரோ மாட்டுக்கு அடிச்சிருப்பான். ஆனா என்ட உடம்பு பழக்கத்தில நிண்டிச்சு. மூச்சை விட்டன். "மன்னிக்கணும், திரும்பச் சொல்றன்" எண்டு கதீசா உம்மாட பேரில இருந்து திரும்பத் தொடங்கினன். இந்த முறை ஆரோ சிரிச்சாங்க.

பிறகு அந்த ஸ்லைட். நான் திட்டம் போட்டு வெச்சிருந்தன்: மகனும் எண்டதோட நிப்பாட்டணும், அதுக்குப் பிறகு வாறது நம்மட, அது வகுப்புக்கு இல்ல. அமத்தினன். இன்னாலில்லாஹி எண்டு நீங்க தொடங்கினீங்க. இத்தனை நாளுக்குப் பிறகு உங்கட குரல் இந்த வீட்டுக்குள்ள. நான் அதுவரைக்கும் ஒருக்காவும் போட்டுக் கேக்கல்ல. கேக்கத் தைரியம் வரல்ல. "நுஸ்ரத் பானுவின் அன்புக் கணவரும்" எண்டீங்க. நிப்பாட்ட ஏலாமப் போச்சு.

"செய்னம்பு உம்மாவினதும் மர்ஹூம் அப்துல் கரீமினதும் அருமை மகனும்" எண்டீங்க.

திரைச்சீலைக்கு அங்கால இருந்து மாமி கத்தினா. "மகன்! என்ட மகனே!" எண்டு. அது அழுகை மட்டுமில்ல மச்சான், நீங்க வெளியால ஓட்டோவை நிப்பாட்டிப்போட்டு உள்ளுக்கு வாறீங்க எண்டு நினைச்ச மாதிரி ஒரு கூப்பிடல். என்ட மைக் திறந்திருந்திச்சு. முழு வகுப்புக்கும் கேட்டுது. அதுக்கு மேல உங்கட சிரிப்பு. "அது பிறகு சேர்ப்பம், என்னகா?" பதிவு முடிஞ்சிது.

மெடம்தான் கதைச்சா. "நுஸ்ரத், நிப்பாட்டுவமா?"

எனக்குச் சாகணும் போல இருந்திச்சு. ஓம் எண்டு சொல்ல வாய் வந்திச்சு. ஆனா சொன்னது வேற. "இல்ல மெடம். இன்னும் ரெண்டு ஸ்லைட் இருக்கு." எப்படிச் சொன்னன் எண்டு தெரியா. அந்த ரெண்டையும் அழுது அழுது பேசினன். ஓடல்ல.

கேள்வி நேரம் வந்திச்சு. கடைசியில ஒரு பொடியன், மெதுவா, தயங்கித் தயங்கிக் கேட்டான். "அந்தப் பதிவு மாதிரியா, உண்மையான அறிவித்தலா?"

"பதியும்போது மாதிரி" எண்டன். "பிறகு உண்மையாப் போச்சு. உண்மையா ஊருக்குச் சொன்ன அறிவித்தலில என்ட பேரும் இல்ல, அவர்ட உம்மாட பேரும் இல்ல. மாதிரியிலதான் இருக்கு." அவன் சொறி எண்டு சொல்லிப்போட்டு மைக்கை மூடினான். என்ன புள்ளி வரும் எண்டு தெரியா. மெடம் சலாம் மட்டும் சொன்னா.

லெப்டொப்பை மூடிப் போட்டு இருந்தன். திரைச்சீலை விலகிச்சு. மாமி நிண்டா. தலையில துணி இல்ல, கண் ரெண்டும் வீங்கி. அடிக்கத்தான் வாறா எண்டு நினைச்சன். அடிக்கட்டும் எண்டும் நினைச்சன். ஆராச்சும் என்னை ஒருக்கா அடிச்சா நல்லம் போலத்தான் அப்ப இருந்திச்சு.

கட்டில் நுனியில இருந்தா. பிறகு, "அதில என்ட பேர் வந்திச்சா?" எண்டு கேட்டா.

"ஓம் மாமி."

"என்ன சொன்னான்?"

"செய்னம்பு உம்மா எண்டு."

"திரும்பப் போடு."

போட்டன். இந்த முறை காதைப் பொத்தல்ல. லெப்டொப்புக்கு கிட்டக் குனிஞ்சு கேட்டா. முடிஞ்சதும், "இன்னொருக்கா" எண்டா. அதுக்குப் பிறகும் இன்னொருக்கா. உங்கட பேர் வாற இடத்தில ரெண்டு பேரும் அழுதம். அவட பேர் வாற இடத்தில அவட உதடும் அசைஞ்சிது, நீங்க சொல்றதோட சேர்த்து.

"உன்ட மாமா மௌத்தானப்பவும் என்ட பேரைச் சொல்லல்ல" எண்டா. "நான் கரீம்ட பொஞ்சாதி. பிறகு றமீஸ்ட உம்மா, மூத்தவன் இருந்தும் ஊருக்கு அப்படித்தான். இப்ப ரெண்டு பேருமில்ல. இந்த ஊர்ல என்ட பேர் தெரிஞ்சவள் ஆரு இருக்கிறாள்? நான் மௌத்தானா எந்த றமீஸ்ட உம்மா எண்டு கேப்பாங்க." என்ட கையைப் புடிச்சா. இத்தா தொடங்கினதுக்குப் பிறகு நேத்துத்தான் முதல்தரம் புடிச்சா. "அழிச்சுப் போடாத மகள். நான் போகக்குள்ள ஹனீபாக்கிட்டத் துண்டு நீ எழுதிக் குடு."

என்னை மன்னிச்சாவா? தெரியா. அவ அதைச் சொல்லல்ல, நான் கேக்கவுமில்ல. இண்டைக்குக் காலையில பிளேன்டீ ஊத்தித் தந்தா, சீனி போட மறந்து. குடிச்சன். இத்தா முடிஞ்சா என்ன செய்யப் போறன், இந்தப் பட்டத்தை வெச்சு என்ன செய்யப் போறன், நீங்க இல்லாத வீட்டை எத்தின வருசம் கூட்டிப் பெருக்கப் போறன், ஒண்டும் தெரியா. பேசி முடிச்சா கொஞ்சம் வெளிச்சம் வரும் எண்டு நினைச்சிருந்தன். வரல்ல. பேசி முடிச்சன், அவ்வளவுதான்.

ஒண்டு மட்டும் வாக்குத் தாறன். மாமிட நாள் வரும்போது, அல்லாஹ் அதைத் தூரமாக்கி வைக்கட்டும், அந்தத் துண்டை என்ட கையால எழுதுவன். செய்னம்பு உம்மா அவர்கள் எண்டு முதல் வரியில எழுதுவன். மர்ஹூம் றமீஸின் தாயும் எண்டு அதுக்குப் பிறகுதான். காக்கா கோவிச்சாலும் சரி, பள்ளி நிருவாகம் கூப்பிட்டுக் கேட்டாலும் சரி. ஹனீபா நானா வாசிக்க மாட்டன் எண்டா, உங்கட ஓட்டோவைக் கராஜில இருந்து இறக்கி, மைக்கை நானே புடிப்பன். ஓட மாட்டன் மச்சான். மூச்சை விட்டுட்டுத்தான் பேசுவன்.

இப்படிக்கு,
உங்கட பெண்சாதி,
செய்னம்பு உம்மாட மருமகள்,
நுஸ்ரத் பானு